அது மை இல்லை

எங்கள் அச்சகத்தில் பதினோரு ஆண்கள், ஒரே ஒரு கழிப்பறை. பன்னிரண்டு வருடமாக அதைச் சுத்தம் செய்பவள் நான். மூக்கைச் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். என் வீட்டுக் கூடம்கூட அப்படிப் பளபளக்காது.

எனக்கும் மெஷின் ஓட்டுகிறவருக்கும் ஏழாம் பொருத்தம். கை கழுவிவிட்டு வாஷ்பேசின் முழுக்க மையை அப்பி வைத்துவிட்டுப் போவார். கேட்டால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார். எந்நேரமும் கடுகடுவென்றிருக்கும் முகத்தைப் பார்த்து பைண்டர்கள் அவருக்கு ‘இஞ்சி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வயிற்றெரிச்சல் பிடித்த ஆள் என்று நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அது எவ்வளவு நிஜம் என்று அப்போது தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கழிப்பறைப் பீங்கானில் ஏதோ கறுப்பாக ஒட்டியிருந்தது. எனக்குத்தான் மூக்கின் மேல் கோபமாயிற்றே. பிரஷ்ஷும் கையுமாக மெஷின் ஹாலுக்குப் போய், வாஷ்பேசின் போதாதென்று கக்கூஸிலும் மையைக் கொட்ட ஆரம்பித்தாயா என்று பிடி பிடியென்று பிடித்தேன். இல்லை என்று மட்டும் சொன்னார். திருப்பிச் சண்டை போடவில்லை. மெஷினின் இரண்டு படி ஏறுவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

மறுநாளும் அதே கறுப்பு. மையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மண்ணெண்ணெய்க்குத்தான் அது அசையும், தண்ணீரைக் கண்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். இதுவோ தார் மாதிரி பிரஷ்ஷில் ஒட்டியது. தண்ணீர் ஊற்றியதும் ஓரத்தில் செம்பழுப்பாகக் கரைந்தது. அந்த நாற்றம் எனக்குத் தெரிந்த நாற்றம். என் கொழுந்தனாருக்குக் குடல்புண் வந்தபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்பதுதான். வயிற்றுக்குள் கசிகிற ரத்தம் அப்படித்தான் வெளியே வருமாம். ஒரு வாரமாகப் போகிறது என்றோம். அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

பதினோரு பேரில் யார்? குப்பைக்கூடைகளும் என் பொறுப்புதானே. மெஷினுக்கு அடியிலிருந்த கூடையைக் கவிழ்த்தேன். நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டைகள் எட்டு, வலி மாத்திரை அட்டைகள் மூன்று.

நேராக மேற்பார்வையாளரிடம் போனேன். இரும்புச்சத்து மாத்திரை தின்றாலும் கறுப்பாகத்தான் போகும், இதெல்லாம் ஒரு பெண்பிள்ளை வெளியே பேசுகிற விஷயமா என்று மூஞ்சியில் அடித்தாற்போல் கேட்டார். எடுத்துத் துடைப்பது நானாம், பேச மட்டும் கூடாதாம். திரும்பி ஹாலுக்குப் போய் மெஷினின் சிவப்புப் பொத்தானை ஓங்கி அமுக்கினேன். மெஷின் நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது.

“அது மை இல்ல தம்பி. ரத்தம். உன் வயித்துக்குள்ளேருந்து வருது.”

அவர் கூனிக் குறுகிப் போனார். “கேஸ்தான்க்கா. ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்.”

“கேஸுக்குக் கண்ணு வெளுக்குமா? கீழ இழுத்துக் காட்டு.”

காட்டினார். இமைக்கு உள்பக்கம் மெஷினில் கிடந்த தாளைப் போல வெளுத்திருந்தது. சிரிக்க வாய் திறந்த பைண்டர்கள் அப்படியே மூடிக்கொண்டார்கள்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மருத்துவமனையில் அவர் வெறும் வயிற்றுவலி என்று பூசி மெழுகினார். நான் கறுப்பைப் பற்றி உரக்கச் சொன்னேன். வரிசையில் நிற்க விடாமல் நேரே உள்ளே கூட்டிப்போனார்கள். கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். வயிற்றைத் தாண்டி, குடல் தொடங்குகிற இடத்தில் புண். அதன் நடுவில் ரத்தக்குழாய் திறந்து கிடந்தது. அங்கேயே அதை அடைத்தார்கள். இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். வருடக்கணக்காக வயிற்றில் குடியிருந்த ஒரு கிருமிதான் மூலகாரணமாம், வலி மாத்திரை அதைக் கிளறிவிட்டதாம். ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் உயிருக்குத் தன்னால் உறுதி சொல்லியிருக்க முடியாது என்றார் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா.

கிருமியைக் கொல்லப் பதினான்கு நாள் மாத்திரை. வலி நின்றதும் நிறுத்தினால் கிருமி திரும்ப வரும் என்று எச்சரித்தார்கள். எட்டாம் நாள் வேலைக்கு வந்தவர், வலியே இல்லை, போதாதா என்றார். நான் ஒரு பார்வை பார்த்தேன். அதன்பிறகு தினமும் அன்றைய மாத்திரை காலியான அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொட்டார்.

மாத்திரை முடிந்து ஒரு மாதம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று பார்க்க மலத்தைக் கொண்டுவரச் சொன்னார்களாம். டாக்டரம்மாவிடம் தான் சொன்ன பதிலை, சாப்பாட்டு வேளையில் எல்லாரும் கேட்க அவரே எடுத்துவிட்டார்.

“லேப் எதுக்கு டாக்டர்? எங்க அச்சகத்துல ஒரு அக்கா இருக்காங்க. அவங்க பார்த்தாலே போதும்னு சொல்லிட்டேன்.”

மேற்பார்வையாளர் உட்பட எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இஞ்சியின் பல்லை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். நான் சிரிக்கவில்லை. உள்ளதைத்தானே சொன்னார்? ஆனாலும் கிருமி என் கண்ணுக்குத் தெரியாதே. கிருமி இல்லை என்று லேபில் எழுதிக் கொடுத்த தாளை அவர் என் கையில் கொடுத்தபோதுதான் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அன்று மெஷின் நின்ற பிறகு துணியும் மண்ணெண்ணெயுமாக வாஷ்பேசினுக்குப் போனேன். துடைக்க ஒன்றுமே இல்லை.