சோத்துக் கை

மகேஸ்வரன் தம்பிக்கு அடிக்கிற நாட்களில் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. முதலில் ஜன்னல் திரையை இழுத்து மூடுவார். டீவியின் சத்தத்தைக் கூட்டுவார். அதற்குப் பிறகுதான் இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவுவார். தாயையும் தகப்பனையும் ஊர்ச் சண்டையில் விழுந்த செல்லடிக்குப் பறிகொடுத்துவிட்டுப் பத்து வயதில் கனடா வந்து சேர்ந்த மிதுனன், இந்த நாட்டு இங்கிலீஸை முதலில் கேட்டது அந்த டீவிச் சத்தத்தில்தான். அதே அண்ணன் இரண்டு வேலை செய்து அவனைப் படிப்பித்தார், குளிருக்குத் திறமான ஜக்கெட் வாங்கிக் கொடுத்தார், காய்ச்சல் என்றால் நித்திரை கொள்ளாமல் பக்கத்தில் இருந்தார். அதுவும் உண்மை, இதுவும் உண்மை. சனம் மட்டும் வசதியான உண்மையை எடுத்துக்கொண்டு, "தகப்பனாய் நிண்டு வளத்தவர்" என்று கலியாண வீடுகளில் சொல்லித் திரிந்தது. சனத்துக்கென்ன, அடி வாங்கிய முதுகு அவர்களுடையதா?

இப்போது மிதுனனுக்கு நாற்பத்தொரு வயது. மிசிசாகாவில் விமானச் சரக்குக் கிடங்கில் சுப்பவைசர். அவனுக்குக் கீழே இருபது பேர். ஆனாலும் அண்ணையிடமிருந்து போன் வந்தால் இருக்கிற இடத்தைவிட்டு எழும்பி நின்றுதான் கதைப்பான். மனைவி நிலாணி இதைப் பார்த்துச் சிரிப்பாள். "வீடியோ கோல் இல்லையப்பா, இருந்து கதையுங்கோ" என்பாள். அவன் இருக்கமாட்டான்.

இருவருக்கும் பிள்ளை இல்லை. பதினொரு வருடம் ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்து, ஊசி போட்டு, மூன்று தரம் நம்பி, மூன்று தரமும் குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுது முடித்த பிறகுதான் தத்தெடுப்பு என்ற பேச்சே வீட்டில் எழுந்தது. ஏஜென்சியில் இருபத்தேழு மணித்தியால வகுப்பு, பொலிஸ் ரிப்போட், கைரேகை, வீட்டில் மருந்துப் பெட்டிக்குப் பூட்டு, கத்திகளுக்குப் பூட்டு. ஊரில் பிள்ளை பெறுகிறவளுக்கு ஒரு மருத்துவிச்சி போதும். இங்கே பிள்ளை எடுக்கிறவனுக்கு ஒரு அலுவலகமே பிரசவம் பார்க்கிறது.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. சிறுவயதில் உங்களை எப்படித் தண்டித்தார்கள்? நிலாணி ஒரு பக்கம் எழுதினாள். மிதுனன், "அண்ணன் கண்டிப்பானவர்" என்று எழுதிவிட்டுப் பேனையை மூடினான்.

அவர்களுக்குப் பொறுப்பான சமூகசேவையாளர் அன்ட்ரூ விடுவதாக இல்லை. நல்ல உயரம், மெல்லிய குரல். "கண்டிப்பு என்றால்?" என்று கேட்டார். மிதுனன் சிரித்து மழுப்பினான். அன்ட்ரூ சிரிக்கவில்லை. அண்ணனைத் தான் நேரில் கண்டு பேசி முடிக்கும்வரை பிள்ளை அண்ணன் வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். இன்னொன்றும் சொன்னார். பிள்ளையின் உடம்பில் கீறல் விழுந்தாலும் உடனே தனக்குப் போன் வரவேண்டும்.

பிள்ளையின் பெயர் லக்சிகா. ஏழு வயது. தமிழ்ப் பிள்ளை. தகப்பன் சிறையில். தாய் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். ஐந்து வயதில் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது, உடைத்தது தகப்பன். அன்றிலிருந்து அவள் எழுதுவதும் சாப்பிடுவதும் இடது கையால்தான். வலது கையை யாரும் தொட விடமாட்டாள். இதெல்லாம் கோப்பில் இருந்தது. கோப்பில் இருப்பதை வெளியே ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்பதற்கும் ஒரு கையெழுத்து.

ஸ்காபரோவில், மோர்னிங்சைட்டில் இருக்கிற அவர்களுடைய வீட்டுக்கு அவள் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். இரண்டாவது சனி ரைஸ் குக்கரைத் தூக்கி எறிந்தாள். மூன்றாவது சனி நிலாணியின் தோளைக் கடித்தாள், பல் பதிந்த இடம் பத்து நாள் கன்றிப்போய் இருந்தது. ஐந்தாவது சனி அதே தோளில் சாய்ந்து நித்திரையானாள். நிலாணி இரண்டு மணித்தியாலம் அசையவில்லை. கால் மரத்துப்போய், பிறகு எழும்ப முடியாமல் மிதுனனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுடைய முகத்தில் இருந்த சந்தோசத்தை அவன் கலியாணத்தன்றும் கண்டதில்லை. இன்னும் மூன்று கிழமை, மூன்றே மூன்று சனி. பிறகு பிள்ளை நிரந்தரமாக அவர்களுடன்.

ஆறாவது சனி காலை அண்ணையின் போன் வந்தது. மிதுனன் எழும்பி நின்றான்.

"எனக்குக் காட்டாமல் பிள்ளை எடுக்கிறியோ?" என்றார் மகேஸ்வரன். "ஊர்ச்சனம் என்னட்டக் கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல? இண்டைக்கு மத்தியானம் கூட்டிக்கொண்டு வா. அண்ணி சமைக்கிறா."

நிலாணி கேட்டவுடனேயே தலையை ஆட்டினாள். "கையெழுத்து வைச்சனாங்கள். தெரிஞ்சால் பிள்ளையைத் தரமாட்டினம்."

"ஒரு மணித்தியாலம். சாப்பிட்டுட்டு வாறதுதானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"உங்களுக்கு ஏலாதெண்டு சொல்லத் தெரியாதோ?"

தெரியாது. முப்பது வருடமாகத் தெரியாது. அவன் கார்ச் சாவியை எடுத்தான்.

மகேஸ்வரனின் வீடு ஸ்ரௌவ்வில்லில். இரண்டு கராஜ், உயரமான கூரை, அரண்மனை மாதிரிச் சரவிளக்கு. இருப்பதோ புருசனும் பெண்சாதியும் மட்டும். பிள்ளைகள் படித்து முடித்தவுடன் வான்கூவருக்கும் லண்டனுக்கும் ஓடிவிட்டார்கள். ஏன் அவ்வளவு தூரம் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

"கிட்ட வா பாப்பம்" என்றார் மகேஸ்வரன். லக்சிகா நிலாணியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கொப்பர் எந்த ஊர்?"

தகப்பனின் ஊரைக் கேட்டு அவர் எதை அறியப் பார்க்கிறார் என்று அங்கிருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. "ஸ்காபரோ" என்றாள்.

சமையலறை மேசையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணி சந்திரவதனா சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தாள். லக்சிகா இடது கையைச் சோற்றுக் கோப்பைக்குள் வைத்தாள்.

"அந்தக் கையை எடு" என்றார் மகேஸ்வரன். "கழுவுற கையால ஆரும் சாப்பிடுறதோ? சோத்துக் கையால சாப்பிடு."

லக்சிகா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி இடது கையால் பிசைந்தாள்.

மகேஸ்வரன் எழும்பி வந்தார். கோபமாகக்கூட இல்லை, நிதானமாகத்தான் வந்தார். பிள்ளையின் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிச் சோற்றுக்குள் அழுத்தினார்.

அந்த மணிக்கட்டின் கதை மிதுனனுக்குத் தெரியும். 'அண்ணை, கையை விடுங்கோ' என்று சொல்ல அவனுக்கு நேரமும் இருந்தது. நாற்பத்தொரு வயது ஆம்பிளை, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

லக்சிகா கத்தவில்லை. குனிந்து அவருடைய கையைக் கடித்தாள், இரத்தம் வரும்வரை விடவில்லை. மகேஸ்வரன் மற்றக் கையால் ஓங்கி அறைந்தார். பிள்ளை கதிரையோடு சரிந்தாள். மேசை விளிம்பில் வாய் அடிபட்டு உதடு கிழிந்தது. ஒரு பால்பல் நிலத்தில் கிடந்தது.

"சாதி எதெண்டு இப்ப தெரியுது" என்றார் மகேஸ்வரன்.

எப்படி மேசையைச் சுற்றி வந்தான் என்று மிதுனனுக்கு ஞாபகமில்லை. முதல் குத்து அண்ணையின் வாயில் விழுந்தது. இரண்டாவதில் மூக்கெலும்பு முறிகிற சத்தம் கேட்டது. மூன்றாவதுக்கு அவர் கிறனைட் மேசையில் தலை அடிபட்டு விழுந்தார். அத்தோடு விட்டிருந்தால் அதை வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம், பிள்ளைக்காக அடித்தான் என்று. அவன் விடவில்லை. விழுந்தவரின் நெஞ்சில் ஏறி இருந்து அடித்தான். அண்ணை திருப்பி அடிக்கவில்லை. இரண்டு முழங்கைகளாலும் தலையை மூடிக்கொண்டு முழங்காலை மடக்கிச் சுருண்டார். மிதுனன் சின்ன வயதில் அப்படித்தான் சுருளுவான். அது தெரிந்துதான் அந்த முழங்கைகளை இழுத்து விலக்கிவிட்டு அடித்தான். அவனுக்கு அது நன்றாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் நன்றாக இருந்தது. வாழ்க்கையில் வேறெதுவும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

பின்னாலிருந்து யாரோ கழுத்தைப் பிடித்து இழுக்க, முழங்கையால் வீசி ஒன்று கொடுத்தான். திரும்பிப் பார்த்தபோது நிலாணி குளிர்ப்பெட்டியோடு சாய்ந்து இருந்தாள். மூக்காலும் வாயாலும் இரத்தம் ஓடி மார்பை நனைத்தது. அவள் அவனைப் பார்த்த பார்வையில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. பயம் இருந்தது. பதினேழு வருடத்தில் அவள் அவனுக்குப் பயந்தது அதுதான் முதல் தரம். அவனுடைய கை அந்த இடத்திலேயே நின்றது.

சமையலறையில் மகேஸ்வரன் மூச்சு விடும் சத்தம் மட்டும் கொழகொழவென்று கேட்டது. சந்திரவதனா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றாள்.

முதலில் அசைந்தது லக்சிகாதான். எழும்பி, கதிரையை நிமிர்த்தி வைத்தாள். கைகழுவும் சிங்கடிக்குப் போய் நுனிக்காலில் நின்று பேப்பர் டவலை நனைத்தாள். நிலாணியிடம் வந்து மூக்கடியில் வைத்து அழுத்தினாள்.

"பச்சைத் தண்ணி அன்ரி" என்றாள். "சுடுதண்ணி போட்டா பிளட் உடுப்பில பிடிச்சிடும். தலையைக் குனியுங்கோ. மேல பாக்கக் கூடாது."

பிறகு இன்னொரு டவலால் தன் வாயைத் துடைத்தாள். விழுந்த பல்லை எடுத்துக் குப்பை வாளிக்குள் போட்டாள். ஏழு வயதுப் பிள்ளை, பழகின வேலையைச் செய்வதுபோலச் செய்தாள்.

"அன்ட்ரூ மூண்டு கேள்விதான் கேப்பார்" என்றாள் அவனைப் பார்த்து. "நான் சைக்கிள்ல இருந்து விழுந்தனான். அன்ரி கபேட் கதவில இடிச்சவா. இந்தத் தாத்தா படியில விழுந்தவர். எல்லாரும் ஒரேமாதிரிச் சொல்லோணும். இல்லாட்டிப் பிடிச்சிடுவினம்." கொஞ்சம் யோசித்தாள். "எங்களிட்டச் சைக்கிள் இருக்கோ அங்கிள்?"

"இல்லை" என்றான் மிதுனன்.

"அப்ப பார்க்கில ஊஞ்சல்."

"ஓமோம், பிள்ளை சொல்றது சரி" என்றாள் சந்திரவதனா அவசரமாக. "வீட்டு விசயம் வீட்டோட இருக்கட்டும். வெளிய போனால் எல்லாருக்கும் வெக்கம்."

நிலத்தில் கிடந்த மகேஸ்வரன் உடைந்த வாயால், "பொலிஸ் வேண்டாம்" என்றார். "நான் விழுந்தனான் எண்டு சொல்லுறன்."

முப்பது வருடத்தில் அந்தக் குடும்பம் ஒரு விசயத்தில் ஒற்றுமைப்பட்டது. வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, லக்சிகா எல்லாரையும் ஒரே வரியில் நிறுத்திவிட்டாள். அவர்களுக்கு என்றே பெற்றுவைத்த பிள்ளை. இதைவிடப் பொருத்தமான குடும்பத்தை ஏஜென்சி தேடினாலும் கண்டுபிடிக்காது.

மிதுனன் போனை எடுத்தான்.

"மிதுன்" என்றாள் நிலாணி. டவலுக்குள்ளால் குரல் அடைத்து வந்தது. "எடுத்தால் அவளைக் கொண்டு போயிடுவினம். திருப்பித் தரமாட்டினம்."

"தெரியும்."

"எனக்கு நீங்கள் அடிச்சதை நான் மறந்திடுறன். பிள்ளையைத் தாங்கோ எனக்கு." அழத் தொடங்கினாள். "மூண்டு கிழமைதானே இருக்குது."

அந்த இடத்தில் அவன் போனைக் கீழே வைத்திருப்பான். உண்மையாகவே வைத்திருப்பான். அவனுக்கும் அந்தப் பிள்ளை வேண்டும். ஆனால் நிலாணி "மறந்திடுறன்" என்றவுடன் லக்சிகா பெரிய மனுசி மாதிரித் தலையை ஆட்டினாள். அம்மாமார் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மிதுனன் நம்பரை அழுத்தினான்.

அன்ட்ரூ முதல் மணியிலேயே எடுத்தார். மிதுனன், "ஒரு பிரச்சினை" என்று மட்டும் இங்கிலீஸில் சொன்னான். லக்சிகா பாய்ந்து போனைப் பறித்தாள்.

"ஹாய் அன்ட்ரூ!" அவளுடைய குரல் ஒரே நொடியில் சீனிப்பாகு ஆனது. உதட்டிலிருந்து இரத்தம் நாடிக்கு வழிந்துகொண்டிருக்க, இங்கிலீஸில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஊஞ்சலில் இருந்து விழுந்துவிட்டேன், பல் ஒன்று போய்விட்டது, எப்படியும் ஆடிக்கொண்டிருந்த பல்தான். ரெண்டு பேரும் சரியான நல்லவர்கள். எனக்கு இங்கே இருக்க விருப்பம்.

கடைசியாகச் சொன்னது பொய் இல்லை. அதுதான் மிதுனனால் தாங்க முடியாமல் இருந்தது.

போனை மெதுவாக அவளுடைய கையிலிருந்து எடுத்தான். "அவள் சொல்லுறது உண்மையில்லை" என்றான். "கூட்டி வரக் கூடாத வீட்டுக்குக் கூட்டி வந்தனான். அண்ணன் பிள்ளைக்கு அடிச்சார். நான் பாத்துக்கொண்டிருந்தனான். பிறகு நான் அவருக்கு அடிச்சனான். மனுசிக்கும் அடிச்சிட்டன். அம்புலன்ஸ் தேவை. பொலிசையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அன்ட்ரூ வீட்டு முகவரியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, தான் வரும்வரை பிள்ளையுடன் நிலாணி முன்வாசலில் இருக்கட்டும், நீ பக்கத்தில் போகாதே என்றார்.

போகத் தேவையிருக்கவில்லை. லக்சிகாவே வந்தாள். அவனுடைய வயிற்றில் குத்தினாள், காலில் உதைத்தாள், கையை நகத்தால் பிறாண்டினாள். "நான் வடிவாச் சொன்னனான்தானே!" என்று கத்தினாள். அடிபட்டபோது வராத அழுகை இப்போது வந்தது. "ஒரு பிழையும் விடாமல் சொன்னனான்தானே! ஏன் சொன்னனீங்கள்? அப்ப நான் எங்க போறது?"

மிதுனன் அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டான், அவற்றை நம்ப அவனுக்குப் பயமாக இருந்தது. அவள் முகத்தில் அடித்தாள். அவன் விலகவில்லை.

"தெரியாது குஞ்சு" என்றான்.