ரேடியோவின் காது

தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே பேசியதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. கெட்ட சேதி சொல்கிறவர்கள்தான் முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுப்பார்கள். தையல் மெஷினில் பாதி காலரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தேன்.

"துணை டீச்சரை வேற ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்றாங்கம்மா. உங்க பிள்ளைங்களுக்கு என்ன கவலை? ஆண்டு விழாவுல நீங்களே சொன்னீங்களே, இவளுக்குக் கண்ணு அவன், அவனுக்குக் காது இவள்னு!"

சொன்னேன்தான். கையில் மைக்கைக் கொடுத்தால் எந்த அம்மா சும்மா இருப்பாள்? அன்றைக்குக் கைதட்டல் வாங்கித் தந்த அதே பேச்சு இன்றைக்கு என் வாயை அடைத்தது.

எனக்கு இரண்டு பக்கமும் என் இரட்டைப் பிள்ளைகள். மகளுக்குக் கரும்பலகை வெறும் இருட்டு. மகனுக்குக் காது கேட்காது. வகுப்பில் இவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடம் புரியவைக்கிற துணை டீச்சர் வராத நாட்களில் பாடத்தை அவள் கேட்டு அவன் உள்ளங்கையில் விரலால் எழுதுவாள். பலகையில் இருப்பதை அவன் அவள் கையில் எழுதுவான். பார்க்கிறவர்கள் உருகிப்போவார்கள். நானும்தான்.

"அவங்க இல்லாம முடியாது மேடம்," என்றேன். பிச்சை கேட்கிற குரலாக வந்தது. என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

"இப்பக்கூடப் பாருங்க, எவ்வளவு அழகா சமாளிக்கிறாங்க!"

மேசைக்கடியில் மகளின் விரல் தம்பியின் கையில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசுவதை ஒன்று விடாமல் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்றுதான் பெயர்.

"நீயே சொல்லும்மா. தம்பிய நீ பாத்துக்க மாட்டியா?"

விரல் நின்றது.

"பாத்துக்குவேன் மிஸ்." தலைமையாசிரியை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மகள் முடிக்கவில்லை. "ஆனா அவனுக்கு எழுதி முடிக்கிறதுக்குள்ள டீச்சர் அடுத்த கணக்குக்குப் போயிடுறாங்க. எனக்கு ஒண்ணுமே மண்டையில ஏறல. நானே அவனுக்குக் காதா இருந்தா, எனக்குக் காது வேணாமா?"

தலைமையாசிரியையின் சிரிப்பு போய்விட்டது. பேனாவை எடுத்தார், மூடியைத் திறக்காமலே கீழே வைத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் இதை என்னிடம்கூட அவள் சொன்னதில்லை.

எங்கள் முகம் மாறியதை மகன் பார்த்துவிட்டான். என்ன சொன்னாய் என்று அக்காவின் முழங்கையை இடித்தான். உள்ளங்கையை விரித்து அவள் மடிமேல் வைத்தான்.

"அம்மா," என்றாள், என் பக்கம் திரும்பாமல். "இத எழுதணுமா?"

அவள் அவன் விரல்களை மெல்ல மடக்கிவிட்டாள். அவன் மறுபடி விரித்தான்.