ரெங்கசாமி ஒத்தையாய் மலை தாண்டிய கதை

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ரெங்கசாமியின் மீசைக்கு இருந்த மரியாதை ரெங்கசாமிக்கு இருந்ததில்லை. அந்த மீசையைத்தான் மனுஷன் பந்தயத்தில் வைத்துவிட்டார்.

வைக்க வைத்தவர் சகலை தம்புசாமி. மலைக்கு அந்தப் பக்கம் பெந்தோங்கில் ரோடு போடும் வேலை அவருக்கு. தீபாவளிக்கு வந்தவர், கள்ளு உள்ளே போனதும், கோம்பாக் மலையைத் தன்னந்தனியாகத் தாண்டிய கதையை மறுபடியும் எடுத்தார்.

"புலி என்னைப் பாத்துச்சு, நான் புலியைப் பாத்தேன். அது போயிருச்சு" என்றவர் ரெங்கசாமி பக்கம் திரும்பினார். "சகலைக்கு இதெல்லாம் ஆவாதுலா. பாசாருக்குப் போவவே தொணை வேணும்."

அது உண்மை என்பதுதான் வேதனை. பேச்சுத்துணை இல்லாவிட்டால் ரெங்கசாமிக்குச் சோறு இறங்காது. ஆனால் அடுப்படியிலிருந்து நல்லம்மாள் சிரித்தது காதில் விழுந்துவிட்டது. கட்டின பெண்டாட்டி சிரித்தால் யாருக்குத்தான் ரோஷம் வராது?

"அடுத்த மாசம் ஒத்தையா மலையைத் தாண்டி ஒன் வாசல்ல வந்து நிக்கிறேன். கூட ஒரு ஆள் வந்தாலும் இந்த மீசையை எடுத்துடறேன்!"

நல்லம்மாள் தடுக்கவில்லை. நாலு பேர் தின்னுமளவுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். "மீசையோட போயிட்டு மீசையோட வாங்க" என்றாள்.

கோம்பாக் வரை மாட்டு வண்டி. அதற்கப்புறம் காடும் அட்டையும் மேலே ஏறும் பாதையும்தான். கொஞ்ச தூரம் மீசையை முறுக்கிக்கொண்டே நடந்தார். பிறகு மூங்கில் முறிகிற சத்தத்துக்கெல்லாம் முருகனைக் கூப்பிட்டார். கூப்பிட்ட முருகனிடம் லயத்துச் சங்கதிகளைச் சொல்ல ஆரம்பித்தார். முருகன் ஒரு 'உம்' கூடக் கொட்டாததால் அதுவும் அலுத்துப்போனது.

உச்சி வெயிலில் ஓடைக்கரையில் சோற்று மூட்டையை அவிழ்த்தபோது, பாதையில், தோளில் மூட்டைக் கம்பும் கையில் குடையுமாக ஒரு சீனர் வந்தார். ஈயம் தோண்டும் லம்பத்தில் வேலை தேடிப் பெந்தோங் போகிறவர்.

நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடும்போது யார் வந்தாலும் வாங்க என்று கூப்பிட வேண்டும். வந்தவர், வயிறு ஒட்டிக் கிடந்தாலும், 'இப்பதான் ஆச்சு, நீங்க சாப்பிடுங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். ரெங்கசாமியின் வாய் தன் பாட்டுக்கு, 'வா, சாப்பிடு' என்று பாசாரில் பழகிய மலாயில் கூப்பிட்டுவிட்டது.

"மாரி, மாக்கான்!"

சீனர் குடையை மடக்கினார். உட்கார்ந்தார். முக்கால் மூட்டையைக் காலி செய்தார்.

கை கழுவிய பிறகு, தன் பெயர் ஆ சோங் என்றார். ரெங்கசாமியின் மூட்டையையும் தன் கம்பில் மாட்டிக்கொண்டு, "சாமா-சாமா" என்றார். சேர்ந்தே போகலாமாம். சோறு போட்ட ஆளைப் புலிக்காட்டில் தனியே விட மாட்டாராம்.

ரெங்கசாமி வேகமாக நடந்து பார்த்தார். ஆ சோங் அதைவிட வேகம். காலில் முள் என்று உட்கார்ந்து பார்த்தார். ஆ சோங் அந்தக் காலைப் பிடித்து இல்லாத முள்ளை வெகு நேரம் தேடினார். மழை பிடித்துக்கொண்டது. ஒரே குடையில் இரண்டு பேரும் நின்றார்கள்.

மறுநாள் இறக்கத்தில், ரெங்கசாமி லயத்துக் கதையெல்லாம் தமிழில் சொல்ல, ஆ சோங் சீனத்தில் 'உம்' கொட்டிக்கொண்டு வந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்ற பாடத்தையும் ரெங்கசாமி நடத்தினார். ஆ சோங் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். முருகனுக்கு இவர் எவ்வளவோ தேவலை.

பெந்தோங் கூரைகள் தெரிந்ததும் மீசை ஞாபகம் வந்தது. தம்புசாமியின் தெரு முனையில் நின்று, பாதி மலாயும் பாதி சைகையுமாக, "நீ அந்த மரத்தடியில் இரு, நான் மட்டும் முதலில் போகிறேன்" என்று விளக்கினார். ஆ சோங் மூட்டையைக் கொடுத்துவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

வாசலில் நின்ற தம்புசாமி, ரெங்கசாமியின் முதுகுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. அவர் முகம் போன போக்கைப் பார்க்க இன்னொரு மலைகூட ஏறலாம்.

"மாமா ஜெயிச்சிட்டாங்க!" என்று கொழுந்தியாள் ரமணி இலை போட்டாள். கோழிக் குழம்பு மணத்தது. முதல் கவளத்தை எடுத்த ரெங்கசாமிக்கு ஜன்னல் வழியே மரத்தடி தெரிந்தது. ஆ சோங் இந்தப் பக்கமே பார்க்காமல், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கவளம் இறங்கவில்லை. ரெங்கசாமி மீசையைத் தடவினார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வளர்த்த மீசை. அழுகையே வந்துவிட்டது அவருக்கு. எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவே கேட்கக் கத்தினார்.

"மாரி, மாக்கான்!"

"யாரு சகலை அது?" தம்புசாமி துள்ளி எழுந்தார்.

"என்கூட மலை தாண்டி வந்தவரு. ரமணி, இன்னொரு எலை போடும்மா. சகலை, நீ போயி நாவிதரைக் கூட்டிட்டு வா."

ஆ சோங் எழுந்தார். வாசலில் நின்ற எல்லோரையும் பார்த்தார். வயிற்றைத் தட்டிக் காட்டி, படித்த பாடத்தை ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்தார்.

"இப்பதான் ஆச்சு. நீங்க சாப்பிடுங்க."

"அட, இப்பவா இதைச் சொல்லுவ!" என்று ரெங்கசாமி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து, தன் இலையின் முன்னாலேயே உட்கார வைத்தார்.

சாயங்காலம் நாவிதர் வந்தபோது, விஷயம் ஒன்றும் புரியாத ஆ சோங்தான் சந்தோஷமாகக் கண்ணாடி பிடித்தார்.