சொன்னது யாரு?

கடலில் இறங்குவதற்கு முன்னால், ஆண்டவர் தனக்குச் செய்ததைத் துர்காதேவி சொல்லும் சாட்சி இருக்கும். அந்தச் சபையில் அது எழுதாத சட்டம். சபை இருப்பது என்னவோ செங்கல்பட்டில், ரயில்வே லைனுக்குப் பின்னால். ஆனால் ஞானஸ்நானம் என்றால் வேனைப் பிடித்து, மாமல்லபுரத்தைத் தாண்டி, ஒரு மீனவக் குப்பத்துக்குத் தெற்கே ஆள் நடமாட்டம் இல்லாத கரைக்கு வந்துவிடுவார்கள். தொட்டி கட்டி அதில் முக்கி எடுக்கிற சபைகளும் உண்டு. பாஸ்டர் பெஞ்சமினுக்குத் தொட்டி பிடிக்காது. பாவத்தைக் கொட்டுவதற்குக் கடல் இருக்கும்போது தொட்டி எதற்கு என்பார்.

துர்காதேவி நன்றாகப் பேசுவாள். கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. சிலிண்டர் வரவில்லை என்று விடிந்ததிலிருந்து கத்துகிற ஊரையே பேசி அடக்குகிறவளுக்கு, வெள்ளை உடுத்தி மணலில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் ஒரு பொருட்டா? பெயரை மாற்றிக்கொள் என்று சபையில் சிலர் அரித்தபோதுகூட, ஆதாரை யார் தூக்கிக்கொண்டு அலைவது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டவள்.

ஆனால் அன்று அவளே ஆரம்பிக்கக் கொஞ்சம் தயங்கினாள். வெள்ளை வரிசையின் கடைசியில் அவள் புருஷன் ஜெகதீசன் உட்கார்ந்திருந்தான்.

மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம் அவனுடையது. கல்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கான்ட்ராக்ட் பஸ் ஓட்டுகிறான். இத்தனை வருடமாக ஞாயிறுதோறும் அவளை பைக்கில் கொண்டுவந்து சபை வாசலில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவான். கூப்பிட்டால், "உன் சாமி உன்னப் பாத்துகினா போதும்" என்று சிரிப்பான். அப்பேர்ப்பட்டவன் போன மாதம் தானாக உள்ளே வந்து கடைசி பாயில் உட்கார்ந்தான். துர்காதேவி அன்று பாட்டுப் பாடாமல் அழுதாள்.

வரிசையில் இன்னொருத்தி ரேணுகா. ஏஜென்சியில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. கருவிலேயே ஒன்றை இழந்து மரக்கட்டையாக வேலைக்கு வந்துபோன பெண். துர்காதேவியின் கதையைக் கேட்டுத்தான் அவள் முதல்முதலில் வாய்விட்டு அழுதாள், அதைக் கேட்டுத்தான் சபைக்கும் வந்தாள்.

துர்காதேவி கதையை ஆரம்பித்தாள். முதல் பிள்ளை, பெண். விடியற்காலையில் படுத்தபடியே பால் கொடுத்தாள், அப்படியே கண் அசந்தாள். விழித்துப் பார்த்தால் அவள் கை குழந்தையின் முகத்தின் மேல் கிடந்தது. குழந்தை சில்லிட்டிருந்தது. சில குழந்தைகள் காரணமே இல்லாமல் தூக்கத்தில் போய்விடும் என்றார் டாக்டர். ஊரும் நம்பியது. கை கிடந்ததை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. புருஷன் ஒருத்தனிடம் மட்டும் சொன்னாள். யாரிடமும் சொல்வதில்லை என்று அவன் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டு அன்பரசிதான் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அவளை இழுத்துப் போனாள். பாட்டின் நடுவில் பாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். இங்கே ஒரு சகோதரி தன் கையைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள், அந்தக் கை ஒரு சிசுவின் முகத்தில் கிடந்ததை ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார், மகளே, அவர் உன்னை மன்னித்துவிட்டார்.

"எம் புருசனத் தவிர இந்த உலகத்துல ஒரு ஈ காக்காவுக்கு அது தெரியாது" என்றாள் துர்காதேவி, எப்போதும் சொல்வதுபோல. "அவரு அப்பல்லாம் சர்ச் வாசப்படிய மிதிச்சது இல்ல. பாஸ்டர் ஐயா என்ன அதுக்கு முன்னாடி பாத்ததும் இல்ல. அப்ப சொன்னது யாரு?"

"ஆண்டவர்" என்றது கூட்டம். அது வழக்கமான பதில். பாஸ்டரும் கண்ணை மூடி "ஆமென்" என்றார். அதுவும் வழக்கம்தான்.

அந்தக் கேள்விதான் துர்காதேவியின் அஸ்திவாரம். கடவுள் உண்டா என்று யாராவது வாதத்துக்கு வந்தால் அவள் மல்லுக்கு நிற்கமாட்டாள், இந்த ஒரு கேள்வியை எடுத்துப் போடுவாள், எதிராளி வாயடைத்துப் போவான். ராத்திரியில் கை கனக்கும்போதும் இதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டு தூங்குவாள். சொன்னவர் ஆண்டவர், ஆகவே மன்னித்தது நிஜம்.

அடுத்து பாவ அறிக்கை. தண்ணீரில் இறங்குகிற ஒவ்வொருவரும் எழுந்து கடலைப் பார்த்து நின்று, எதை இந்தக் கடலில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். இது பெஞ்சமின் வைத்த முறை. ஒருத்தர் குடியை விட்டார், ஒருத்தி மாமியார் மேல் வைத்திருந்த பகையை விட்டாள். ஜெகதீசன் முறை வந்தது. துர்காதேவி அவனுடைய துண்டையும் மாற்றுச் சட்டையையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீரிலிருந்து ஏறி வருகிறவருக்கு வீட்டு ஆள்தான் துண்டு போர்த்த வேண்டும். அதற்காக விடியற்காலையிலிருந்து காத்திருக்கிறாள்.

ஜெகதீசன் கடலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

"குடிச்சது, பொய் சொன்னது எல்லாம் ஐயாகிட்ட சொல்லிட்டேன். ஒண்ணு மட்டும் பாக்கி கீது."

"பிரதர்" என்றார் பெஞ்சமின் அவசரமாக. "அத அப்பறம் பேசிக்கலாம்."

"இல்லீங்கய்யா. இத வச்சிகினு என்னால எறங்க முடியாது." அவன் குரல் உடைந்தது. "எம் பொண்டாட்டி வருசா வருசம் கேக்குறா, சொன்னது யாருன்னு. நாந்தாம்மா சொன்னேன். அந்த வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி ஐயா வூட்டுக்குப் போயி நாந்தான் சொன்னேன்."

துர்காதேவி முதலில் செய்தது, தன் வலது கையைக் குனிந்து பார்த்தது. பிறகு பெஞ்சமினைப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அதையாவது அவள் பிடித்துத் தொங்கியிருப்பாள்.

சத்தியம் செய்தவன் போய்ச் சொல்லிவிட்டான். கேட்டவர் அதைக் கடவுள் வாயில் வைத்துப் பேசிவிட்டார். போனால் போகிறது என்று அதோடு விட்டார்களா? வருடாவருடம் அவளை நிறுத்தி, சொன்னது யாரு என்று கேட்க வைத்து, பக்கத்தில் நின்று ஆமென் சொன்னாரே இந்த மனுஷன். மதுராந்தகத்தில் நடந்த ஜெபக் கூட்டத்துக்கு அவள் சாட்சியைப் பிட் நோட்டீஸில் போட்டார்களே. அவள் பிள்ளையின் சாவைக் காட்டி ஆள் சேர்த்திருக்கிறார்கள், அவளையே கூவவும் வைத்திருக்கிறார்கள். ஆண்டவரே என்று கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது பெஞ்சமினா, ஜெகதீசனா என்ற சந்தேகத்தில் கூப்பிடாமல் விட்டாள்.

"இன்னா சொன்ன அவருகிட்ட?" என்றாள் புருஷனிடம். "மாத்தாம சொல்லு."

"நீ தண்டவாளத்துப் பக்கம் போயி நின்னுட்டு வந்தியே, அதுக்கு மறுநாளு. பயந்துட்டேன் துர்கா. நான் சொன்னா நீ கேக்கல, டாக்டர் சொன்னாலும் கேக்கல. அவ மேல ஒரு தப்பும் இல்லன்னு சாமி சொல்றாருன்னு சொல்லுங்கய்யா, அத நம்புவான்னேன்."

துர்காதேவி பெஞ்சமின் பக்கம் திரும்பினாள். கேஸ் ஏஜென்சி மூளை அது, சொன்ன வார்த்தையும் வந்த வார்த்தையும் வேறாக இருந்தால் உடனே பிடித்துக்கொள்ளும்.

"அவரு கேட்டது அதுதான? தப்பு இல்லன்னு ஏன் சொல்லல நீங்க? மன்னிச்சிட்டாருன்னுதான சொன்னீங்க."

பெஞ்சமின் மணலைப் பார்த்தபடி பேசினார். மைக்கில் பேசுகிற குரல் இல்லை, அவர் பிறந்த தெருவின் குரல்.

"தப்பு இல்லன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்? நான் பாத்தனா? டாக்டருக்கே தெரியல. நீ தூக்கத்துல கைய போட்டியா, இல்ல கொழந்தை அதுக்கு முன்னாடியே போயிடுச்சா, யாருக்கும் தெரியாது. ஆனா கைய போட்டிருந்தாலும் உனக்கு மன்னிப்பு கீது. அதுக்குத்தான் இயேசு செத்தாரு, எழுந்தாரு. அது எனக்கு யாரும் வந்து காதுல சொன்ன சேதி இல்ல, ஊரறிய நடந்தது. அத நம்பித்தான் நானே நிக்கிறேன். அது வரிக்கும் நெசம். ஆண்டவர் காட்டினாருன்னு சொன்னேன் பாரு, அது பொய்."

"அந்தப் பொய் இல்லாம நெசத்த மட்டும் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்கமாட்டாள். அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததால்தான் கோபம் இன்னும் தலைக்கேறியது.

"நம்புறதும் நம்பாததும் என் பாடு" என்றாள். "அதையும் நீங்களே எடுத்துக்கினீங்க."

அவர் தலை குனிந்து நின்றார். மன்னிப்புக் கேட்டாரா என்றால், கேட்டார். அவள் காதில் வாங்கவில்லை.

அதற்குள் ரேணுகா எழுந்து பக்கத்தில் வந்திருந்தாள். வெள்ளைச் சுடிதாரில் மணல் ஒட்டியிருந்தது. "அக்கா, அப்ப அது சாமி சொன்னது இல்லியா?"

"இல்ல."

"அப்ப நான் எறங்கறதா வேணாமா?"

"என்ன நம்பி எறங்காத."

"வேற யார நம்பி வந்தேன் நானு?"

ரேணுகா செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வேன் பக்கம் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. பிள்ளையின் முகத்திலிருந்து கையை எடுத்த அந்த விடியலுக்குப் பிறகு துர்காதேவிக்கு இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை.

ஜெகதீசன் அவள் எதிரில் வந்து நின்றான். அழுதிருந்தான்.

"நீ மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு துர்கா. நீ சொன்னாதான் நான் தண்ணில எறங்குவேன்."

"சொல்ல மாட்டேன்" என்றாள். "உன்ன நான் மன்னிக்கல மாமா. எப்ப மன்னிப்பேன்னும் தெரியல. அதுக்காக நீ இன்னாத்துக்குக் கரையில நிக்கணும்? எங்கிட்டயா ஞானஸ்நானம் வாங்கற? எனக்குக் கோவம் தீரலன்னா அவரு உன்ன மன்னிக்காம போயிடுவாரா? அது எங்கையில இல்ல, இந்த ஆளு கையிலயும் இல்ல. போ. போய் எறங்கு."

கத்தித்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

ஜெகதீசன் இறங்கினான். பெஞ்சமின் தயங்கினார், நான் இறக்கலாமா என்பதுபோல அவளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அலை இடுப்பளவு வந்த இடத்தில் அவனை முக்கி எடுத்தார்கள். ஏறி வந்தபோது அவன் கண்கள் துண்டைத் தேடின. அது கரையில் கிடந்த ஒரு ஃபைபர் படகின் விளிம்பில், சட்டையோடு மடித்தபடி இருந்தது. அதை அங்கே வைத்துவிட்டு துர்காதேவி ரோட்டை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தாள்.

சபை வேனில் அவள் ஏறவில்லை. மாமல்லபுரத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய், அங்கே செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்தாள். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜெகதீசன் ஓடிவந்து ஏறினான். சட்டை உலர்ந்தது, வேட்டி ஈரம். படிக்கட்டில் தண்ணீர் சொட்டியது. சீட்டெல்லாம் நனைச்சிடப் போற அண்ணாத்த என்றார் கண்டக்டர். அவன் தலையாட்டிவிட்டு, அவள் சீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றான். அவள் திரும்பவில்லை.

கைகளை மடியில் வைத்திருந்தாள். வலது கை கனத்தது. இத்தனை வருடமும் இது கனத்தபோதெல்லாம் எடுத்துப் போட்ட கேள்வி இனி உதவாது. தேடிப் பார்த்தாள். தரிசனம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஒரு ஆள் இல்லை, ஆமென் சொல்லக் கூட்டம் இல்லை. கரையில் அவள் கத்திய கத்தல்தான் இருந்தது. எனக்குக் கோபம் தீரவில்லை என்பதால் அவனுக்கு மன்னிப்பு இல்லை என்று ஆகாது. அவனுக்கு அது சரியென்றால், பெஞ்சமின் பொய் சொன்னார் என்பதால் எனக்கு இல்லை என்று எப்படி ஆகும்? செத்து எழுந்தவர் இவர்கள் பொய்க்கு முன்னாலேயே அல்லவா அதைச் செய்துவிட்டார்?

கை கனத்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் முதல்முறையாக அந்தக் கையை அப்படியே, தூக்கத்தில் அது என்ன செய்திருந்தாலும் செய்திருக்கட்டும் என்று, அவரிடம் காட்டினாள். பதில் ஒன்றும் வரவில்லை. சொன்னது யார் என்று இந்தத் தடவை அவள் கேட்கவும் இல்லை.

திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறியது. உட்கார இடம் தேடி ஒரு அம்மாள் பையைத் தொட்டார். "ஆளு கீது" என்றாள் துர்காதேவி. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜெகதீசன் ஈர வேட்டியோடு சீட்டின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்தான். செங்கல்பட்டு வரைக்கும் அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.