இடமிருந்து வலம்

செங்கல்பட்டில் செத்துப்போனவர்கள் எல்லோரும் நல்ல நிறமாக இருப்பார்கள். அதற்கு நான்தான் காரணம்.

ரஞ்சித்குமார் அண்ணனின் ஃப்ளெக்ஸ் கடையில் இரண்டு வருடமாக டிசைன் செய்கிறேன். கண்ணீர் அஞ்சலி பேனர் கொடுக்க வருகிறவர்கள் அழுதுகொண்டே வருவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் முதல் வார்த்தையாக, "கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா" என்பார்கள். நானும் ஏற்றிக் கொடுப்பேன். மஞ்சள் நீராட்டு விழாப் பெண்ணுக்கும் ஏற்றுவேன். கல்யாண பேனரில் கூலிங் கிளாஸ் போட்டு வரிசையாக நிற்கும் மாப்பிள்ளையின் தோழர்கள் பதினெட்டுப் பேருக்கும் ஏற்றுவேன். கம்ப்யூட்டர் என்னை எதுவும் கேட்பதில்லை, நானும் அதனிடம் பேச வேண்டியதில்லை. எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகிறது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். படிப்பு வராமல் இல்லை. கதவுப் பக்கம் இடம் கிடைத்தால் படிப்பேன். ஒன்பதாம் வகுப்பில் உயரப்படி உட்கார வைத்தார்கள். நான் நெட்டை, கடைசி பெஞ்சு. கதவோ கரும்பலகைப் பக்கம். மூன்று நாள் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலையில் முத்துசாமி கடைக்குள் வந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் பழைய ஊரில் வார்டு மெம்பர். நாங்கள் ஊரை விட்டு வரும்போது எனக்கு ஒன்பது வயது, அதனால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

"பத்தாவது வருஷம் தம்பி. கிராண்டா இருக்கணும்" என்றார் அண்ணனிடம். "இருவதுக்குப் பத்து சைஸ். ஆறு புள்ளைங்க. மூஞ்சிங்கள நல்லா பெருசா போடு. ஞாயித்துக்கெழம சாய்ந்தரம் எறக்குனதும் அவங்கவங்க அம்மா அவங்கவங்க புள்ளய வெட்டி எடுத்துனு பூடுவாங்க. வருஷா வருஷம் அப்டித்தான்."

"எப்டி இறந்ததுங்க மெம்பரே?" என்று அண்ணன் கேட்டார்.

"ஸ்கூல்ல நெருப்பு."

நான் மௌஸை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் அனுப்பிய போன வருட பேனர் படம் மங்கலாக இருந்தது. "ஒரிஜினல் வேணும்" என்றார் அண்ணன். முத்துசாமி அதற்கும் தயாராக வந்திருந்தார். மஞ்சப்பையிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட மூன்றாம் வகுப்பு குரூப் போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். அடியில் பெயர் வரிசை. நிற்பவர்கள், இடமிருந்து வலம்: செ. அனு என்று ஆரம்பித்தது.

அந்தப் பெயருக்கு நேர் மேலே, வரிசையின் ஓரத்தில், ரிப்பன் கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பது நான்.

நடந்தது இவ்வளவுதான். டீச்சர் முதல் நாளே யார் எங்கே என்று எழுதி ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்துவிட்டார். நெட்டைகள் நடுவில், குட்டைகள் ஓரத்தில். நடுவில் நின்றால் எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருக்கும். "ஓரத்துல நான் நிக்கிறேன்டி" என்று அனுவைக் கெஞ்சினேன். அவள் குதித்துக்கொண்டு நடுவுக்குப் போனாள். போட்டோ எடுக்கும் நொடியில் என் பக்கம் திரும்பி, முன்பல் இரண்டும் இல்லாத வாயைத் திறந்து சிரித்தாள். பிறகு நெருப்பு வந்தது. முதல் வருட அஞ்சலி பேனருக்கு அம்மாக்களிடம் போய்ப் படம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. ஸ்டுடியோவில் இருந்த குரூப் போட்டோவையும் பெயர் வரிசையையும் வைத்து வெட்டி ஒட்டினார்கள். ரிப்பன் கட்டிய பிள்ளைகளுக்கு இரண்டு கோட் கலர் ஏற்றிவிட்டால் எல்லாம் ஒரே பிள்ளைதான்.

முதல் வருடம் ஈ.சி.ஆர். கூட்டுரோட்டில் அந்த பேனரை நானே பார்த்தேன். என் முகம், கீழே அனு, தோற்றம், மறைவு. என் அம்மா ஜாக்குலின், "பாக்காத, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அதிலிருந்து வருடா வருடம் அந்த நாளில் என்னைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போய், நீண்ட ஆயுசுக்குப் பாஸ்டரிடம் ஜெபம் வாங்கித் தருவாள். நான் பிழைத்ததற்கு நன்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேனர் வேலையை ஆரம்பித்தேன். அஞ்சலி டிசைன் எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரியும், நடுவில் மெழுகுவர்த்தி எரியும். முதலில் அதையெல்லாம் அழித்துவிட்டுச் செம்பருத்தி வைத்தேன்.

முத்துசாமி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "விளக்க ஏம்மா எடுத்துட்ட? விளக்கில்லாம இன்னா அஞ்சலி?"

நான் 'தீ விபத்தில் மறைந்த' என்ற வரியின் மேல் மௌஸை வைத்தேன். அவர் படித்தார். "அட, ஆமால்ல" என்றார். "ஒம்போது வருஷமா அதுங்க தலமாட்டுல நெருப்ப எரிய வுட்டுகினு இருந்தோமே. இன்னா ஜென்மம்டா நாம." செம்பருத்தியை இன்னும் இரண்டு சேர்க்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

போட்டோவை ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். அண்ணன் பின்னால் நின்று, "ஜெனி, இந்தப் பொண்ணு உன்ன மாதிரியே கீதுல்ல?" என்றார். "உங்க சொந்தமா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"நாளைக்குக் காலைல மெஷின்ல ஏத்திடணும்" என்றார்.

அதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும். ஓரத்துப் பெண்ணை வெட்டுவதா, நடுவில் சிரிக்கிறவளை வெட்டுவதா? கை வைத்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் படம் மாறினால், இத்தனை வருடம் ஏன் தப்பாக இருந்தது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் போட்டோ எடுத்த அடுத்த வாரமே, ஆண்டு விழா ரிகர்சலிலும் நாங்கள் இடம் மாற்றிக்கொண்டோம்.

மாடி ஹால். பட்டாம்பூச்சி டான்ஸ். தெர்மாகோல் சுவர், கலர் பேப்பர், சீரியல் லைட். பசை வாசனை. டீச்சர் என்னை நடுவிலும் அனுவைப் படிக்கட்டுக் கதவுப் பக்கமும் நிறுத்தியிருந்தார். நான் கெஞ்சினேன். அவள் நடுவுக்குப் போனாள். பாட்டு இழுத்துக்கொண்டு நின்றது, லைட் போயிற்று. கரண்ட் போய்விட்டது, இனி விளையாடலாம் என்று நாங்கள் எல்லோரும் "ஹே" என்று கத்தினோம். சந்தோஷமாகத்தான் கத்தினோம். அப்புறம் தெர்மாகோல் சுவர் பற்றிக்கொண்டது. யாரோ இடித்ததில் நான் படிக்கட்டில் கிடந்தேன், முதுகில் ஒரு சிறகோடு. இப்போதும் கரண்ட் போய்த் தெருப்பிள்ளைகள் அப்படிக் கத்தினால், நான் செருப்பு கூடப் போடாமல் வெளியே போய் நின்றுகொள்வேன்.

அதை அனுவின் அம்மாவிடம் சொல்லாமல் இந்தப் படத்தை மாற்ற முடியாது.

இரண்டு படங்களையும் பேப்பரில் எடுத்துக்கொண்டு, தலைவலி என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். செங்கல்பட்டில் அது பத்து வாக்கியம். திருக்கழுக்குன்றத்தில் மூன்றாகிவிட்டது. மாமல்லபுரத்தில் இறங்கியபோது "அத்த" என்ற ஒரு வார்த்தைதான் மிச்சம்.

அனுவின் அம்மா எல்லம்மாள் கடற்கரைக்குப் போகும் வழியில், கார் நிறுத்துமிடத்துக்கு எதிரே, வண்டியில் மாங்காயும் வெள்ளரியும் வெட்டி மிளகாய்த்தூள் போட்டு விற்கிறாள் என்று தெரியும். வண்டியைத் தேட வேண்டியிருக்கவில்லை. தூரத்திலேயே என் முகம் தெரிந்தது.

ஒன்று இல்லை, ஒன்பது. வருடத்துக்கு ஒன்றாக வெட்டி எடுத்ததைச் சணல் போட்டுத் தைத்து வண்டிக்குக் கூரை ஆக்கியிருந்தாள். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று பேர். பழைய நான்கள் வெயிலில் வெளுத்துப்போயிருந்தார்கள். புதியவர்கள் இன்னும் சிவப்பு. கடல் காற்றில் ஒன்பது பேரும் படபடவென்று அடித்துக்கொண்டார்கள்.

"இன்னா வோணும்? மாங்காவா, வெள்ளரியா?"

பேப்பரை நீட்டினேன்.

"நோட்டீஸா? வோணாம்மா. நேத்துதான் பல்லு டாக்டர் நோட்டீஸ் ஒருத்தன் குடுத்துட்டுப் போனான். எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் கீது."

நான் நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். முதல் படத்தைப் பார்த்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். இரண்டாவது படத்தை எடுத்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"ஆன்ட்டி, ரெண்டு மேங்கோ" என்றான், கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கிய ஒருவன். நாவலூர் ஆபீஸ் கூட்டம்.

"இரு ராஜா, மாங்கா எங்கயும் ஓடிப் பூடாது" என்று சொல்லிவிட்டு என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். "நீ ஜாக்குலின் பொண்ணு. நெட்டச்சி."

தலையாட்டினேன்.

"வாய்ல இன்னா, கொழக்கட்டையா? பேசுடி."

"படம் மாறிப்போச்சி அத்த."

"அதான் மொத வருஷமே தெரியுமே. பெத்தவளுக்குத் தெரியாதா?"

எனக்குக் காதில் காற்று மட்டும் கேட்டது. அவள் கத்தியை எடுத்து மாங்காயைக் கீறிக்கொண்டே பேசினாள்.

"உங்கம்மா கூட்டுரோட்டுக்குக் கத்திரிக்கோலோட வந்துட்டா. உசுரோட கீற புள்ளயப் போய் இதுல போட்டுக்கிறானுங்களேன்னு ஒரே கத்து. வெட்டப் போனா. நான்தான் கையப் புடிச்சிகினேன். இருக்கட்டும் ஜாக்கு, வுட்டுடுன்னேன்."

"ஏன் அத்த?"

"எம் பொண்ணு செத்துட்டான்னு ஊரே பேனர் வெச்சிகீது. பாத்தா அதுல எம் பொண்ணு இல்ல. எனக்கு அது நல்லா இருந்துதுடி." மிளகாய்த்தூளைத் தூவி ஐ.டி. கார்டுக்காரனிடம் கொடுத்தாள். "வெட்டி எடுத்துனு வந்தப்புறம் தூக்கிப் போடவும் மனசு வர்ல. அடுத்தவ வூட்டுப் புள்ள. அதான் வெயிலுக்குக் கட்டிகினேன். உனுக்கு ஒண்ணும் வலிக்கலியே?"

அம்மா வருடா வருடம் எனக்கு ஏன் ஆயுசு ஜெபம் வாங்கினாள் என்று அப்போதுதான் புரிந்தது.

இனிமேல் பேசாமல் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் கூரையிலிருந்து ஒன்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடத்த மாத்திகினது நான்தான் அத்த. ஃபோட்டோவுலயும் நான்தான் கேட்டேன். டான்ஸ்லயும் நான்தான் கேட்டேன். அவதான் கதவாண்ட நிக்க வேண்டியவ."

கத்தி நின்றது. மாங்காயின் பால் அவள் விரலில் வழிந்தது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டூரிஸ்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பிப் போயிற்று. 

"அத மனசுல வெச்சிகினுதான் இத்தினி வருஷம் என் கண்ணுல படாம கெடந்தியா?"

"ம்."

"அவ நடுவுல நிக்கிறதுக்கு நீ கேக்கணுமா? வூட்லயே எனக்கும் அவங்கப்பனுக்கும் நடுவுலதான் படுப்பா. பஸ்ல ரெண்டு பேரு சீட்டுல நடுவுல பூந்துக்குவா. நீ கேக்கலன்னா உன்னத் தள்ளிட்டு நின்னுருப்பா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மாங்கா காரம்" என்றாள். மிளகாய்த்தூள் டப்பா மூடியிருந்தது.

பிறகு அந்த இரண்டாவது படத்தைத் தொட்டு, "இது யாரப் பாத்துடி இப்டி இளிக்கிது?" என்று கேட்டாள்.

"என்னத்தான்."

"அதான பாத்தேன்." படத்தை மடிக்காமல் ரவிக்கைக்குள் வைக்கப் பார்த்தாள், முடியவில்லை. கல்லாப்பெட்டி மூடிக்கு அடியில் பத்திரமாக வைத்தாள். "போடு. பத்து வருஷம் ஆச்சி. அவளும் ஒரு நாளு வந்து நிக்கட்டும். ஆனா ஒண்ணு, கலர் ஏத்துன, கத்தி எடுத்துனு செங்கல்பட்டு வருவேன். எம் பொண்ணு என்ன மாதிரி. கறுப்பு."

சனிக்கிழமை காலை மெஷினிலிருந்து பேனர் வெளியே வர வர, ரஞ்சித்குமார் அண்ணன் தலையைச் சொறிந்தார். "இன்னா ஜெனி, ஆறு பேருக்குமே கலர் ஏத்தலியா? பார்ட்டி திட்டப் போறாரு."

"திட்டட்டும்ணா" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் கடையில் சேர்ந்து அவரிடம் பேசிய மிகத் தைரியமான வாக்கியம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கூட்டுரோட்டுக்குப் போனேன். அம்மாவும் வந்தாள், கைப்பையில் கத்திரிக்கோலோடு. நாற்பது பேர் இருப்பார்கள். நான் வழக்கம்போல் ஓரத்தில் புளியமரத்தடியில் நின்றேன். முத்துசாமி மைக்கைப் பிடித்துக்கொண்டே பேனரை அண்ணாந்து பார்த்தவர், "அய்யய்யோ, அனு படம் மாறிக்கீதே!" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் பார்த்தார்கள். "அந்தக் கடையில இன்னா பண்ணி வெச்சிக்கீறாங்க..."

எல்லம்மாள் முன் வரிசையில்தான் நின்றாள். திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.

புளியமரத்தை விட்டு இரண்டடி முன்னால் வந்தேன்.

"மாறல" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "மாறல! இப்பதான் சரி. இதான் அனு. அதுல இருந்தது நானு."

பின்னால் யாரோ ஒரு அம்மா, "ஆமாண்டி, அந்தப் பல்லு" என்றாள்.

"நெட்டச்சி பேசிட்டாடா" என்றாள் எல்லம்மாள். "மைக்க ஆஃப் பண்ணுய்யா மெம்பரு. கயிற அவுக்க அவளே ஏறட்டும். உன்னவிட உயரம்."

முடிந்ததும் நான்தான் ஏறி அவிழ்த்தேன். பேனரைச் சாலையோரம் விரித்தோம். அவரவர் பிள்ளையை அவரவர் வெட்டினார்கள். எல்லம்மாளுக்கு அம்மாவின் கத்திரிக்கோல். அனுவை மடிக்காமல் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள்.

"கூரையில தெக்கறதுக்குச் சணல் இருக்கா அத்த?" என்று கேட்டேன்.

"இதுவா? இது வூட்டுக்குள்ள. இத்தினி நாள் இல்லாம வந்துகீறா, வெயில்ல வுடுவனா?" என்றாள். "மாங்கா வண்டி மேல நீயே நில்லு."