சத்தம் நிற்காத வரை

கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல் ஏறியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கும் அது வரும் என்று. நெஞ்சுக்குள் யாரோ அவசரமாகக் கதவைத் தட்டினார்கள். எதிரே ஆரஞ்சுக் குவியலைச் சுற்றி வியாபாரிகள் கழுகுப் பொறுமையோடு நின்றார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அழுகும் சரக்கை வாங்குகிறவன் அடுத்தவன் தடுமாறும் நேரத்துக்குக் காத்திருந்துதான் ஆகவேண்டும்.

அந்தப் பழமண்டியில் ஒரு வழக்கம். ஏலம் கூறுகிறவர் விலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மூச்சு இழுக்கும் நேரம் மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் சத்தம் நின்றால், கடைசியாகக் கேட்டவனுக்குச் சரக்கு. சுத்தியல் கிடையாது, மணி கிடையாது. இந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால்தான் மண்டியே அவளை ‘வெண்கலம்’ என்று கூப்பிட்டது.

ஏணியிலிருந்து விழுந்த புருஷன் படுக்கையில் கிடக்க, அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டு, அதே ஓட்டத்தில் இங்கே வந்து கூவினாள். விசாரித்தவர்களிடமெல்லாம், “எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்” என்றாள். போன வாரம் குத்துக்கல்லுக்கு மூச்சு முட்டியது. நடு ஏலத்தில் குரல் அறுந்து, அருமையான ஆப்பிள் அடிமாட்டு விலைக்குப் போனது.

மண்டி முதலாளி கெட்டவரில்லை. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பெட்டி மேல வேற ஆளைத்தான் ஏத்தணும்மா. சரக்கு அனுப்புறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, “இதயம் நல்லா இருக்கு. இது பதற்றம். வந்தா மல்லுக்கட்டாதீங்க. மூச்சை மெதுவா, நீளமா வெளிய விடுங்க. விருந்தாளி மாதிரி, வந்தது தானா போயிடும்” என்றிருந்தார்.

“எங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளி அவ்வளவு சுலபமா போறதில்லையே, டாக்டர்.”

அந்த நீள மூச்சை வீட்டில் பழகிப் பார்த்தபோது, “டயர் பஞ்சர் ஆன மாதிரி இருக்குடி” என்று கட்டிலிலிருந்து புருஷன் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். ஆனால் மண்டியில் நீளமாக மூச்சு விட்டால் அது மௌனம். மௌனம் என்றால் சரக்கு போனது, வேலையும் போனது.

இப்போது கூவலில் குரல் பிசிறியது. ‘எலுமிச்சை’ என்று பேர் வாங்கிய புளிப்பு மூஞ்சி வியாபாரி ஒரு கேவலமான விலையைக் கேட்டுவிட்டு, அவள் கழுத்தையே பார்த்தார்.

“என்ன வெண்கலம், விரிசலா?”

சொல் வரவில்லை. மூச்சு மட்டும்தான் கையிருப்பு. சரி, இருப்பதை விற்போம் என்று வாயை மூடி, அதை மூக்கு வழியே ராகமாக விட்டாள்.

“ம்ம்ம்ம்ம்...”

“வாய மூடியாச்சு! சரக்கு எனக்கு!” என்று எலுமிச்சை குதித்தார்.

முதலாளி காதைச் சாய்த்துக் கேட்டார். “சத்தம் வருதுல்ல? நிக்கலையேப்பா.”

அப்புறம்தான் வேடிக்கை. அந்த முனகல் மெலிந்துகொண்டே போனது. எந்த நொடி அறும் என்று ஒருவனுக்கும் பிடிபடவில்லை. அறும்போது தன் விலை கடைசியாக இருக்கவேண்டுமே! பின்வரிசையிலிருந்து ஒருவர் ஏற்றினார். பதறிப்போய் இன்னொருவர். அவள் ஒரு மூச்சு இழுத்து மறுபடி, “ம்ம்ம்ம்...” எலுமிச்சையே தன் விலைக்கு மேல் தானே இரண்டு தடவை ஏறினார்.

“யோவ், உன் மேல நீயே ஏறி உக்காந்திருக்கே!” என்று யாரோ கத்த, மண்டி சிரித்தது.

நெஞ்சுக்குள் தட்டிய கை ஓய்ந்தது. இப்போது அவளால் நன்றாகவே பேச முடியும். பேசவில்லை. வியாபாரம் தெரிந்தவள். குவியல் இந்தப் பருவத்தில் காணாத விலையைத் தொட்ட பிறகுதான் சத்தத்தை நிறுத்தினாள்.

முதலாளி ஓடி வந்தார். “எங்கம்மா கத்துக்கிட்டே இந்த வித்தைய?”

“வியாதிகிட்டதான்” என்றாள். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி: “எனக்குப் படபடப்பு வரும். நாளைக்கும் வரலாம். வந்தா இப்படித்தான் கூவுவேன். இஷ்டமிருக்கிறவங்க நில்லுங்க.”

ஒருவரும் நகரவில்லை. எலுமிச்சை ஓரடி முன்னால் வந்து இடம் பிடித்தார்.

அடுத்தது திராட்சை. குனிந்து கூடையிலிருந்து பெரிய கொத்து ஒன்றை எடுத்து, தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து கொத்தும் நடுங்க, ஒவ்வொரு பழத்திலும் வெளிச்சம் ஆடியது.