எட்டுச் செக்கன்

விடிகாலை ஐந்து மணிக்கு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி நின்று யசிந்தா குப்பையை மிதித்துக்கொண்டிருந்தாள். மிதித்து அமர்த்தினால்தான் இன்னும் பத்து வீட்டுக் குப்பை கொள்ளும். மீன் செதில், குழந்தைகளின் பம்பஸ், புளித்த சோறு எல்லாம் கலந்த சாறு செருப்பைத் தாண்டி விரலிடுக்கில் ஊறியது. பிரதேச சபை இரண்டு வருடமாகச் சப்பாத்தும் கொடுக்கவில்லை, கையுறையும் கொடுக்கவில்லை.

கீழே நின்று பைகளைத் தூக்கிக் கொடுப்பது யாகப்புவின் வேலையாக இருந்தது. மூன்று வாரத்துக்கு முன், ஏதோவொரு தனியார் மருந்தகம் வீசிய கறுப்புப் பைக்குள் இருந்த ஊசி அவர் கையில் ஏறியது. கை வீங்கிக் கறுத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். தற்காலிகத் தொழிலாளிக்கு நட்டஈடு கொடுக்க வழியில்லை என்ற சபைச் செயலாளர், அடுத்த நாளே அவர் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தார்.

யசிந்தா குப்பை மிதித்த அதே நாள் எட்டு மணிக்கு இருபத்திரண்டு தொழிலாளரும் வேலையை விட்டிறங்கிச் சபை வாசலில் அமர்ந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு யாகப்புவும் வந்தார். பத்திரிகை நிருபர் நிருஷன் மூன்று மணித்தியாலம் வெயிலில் கூட நின்று, ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு முகநூல் பக்கம் நடத்தும் ஒருவன் போனோடு வந்தான். கட்டை அவிழ்த்துக் காட்டினால் நிறையப்பேர் பார்ப்பார்கள் என்று யாகப்புவிடம் சொன்னான். அவர் தலையாட்டி மறுக்க, ஒரு கையால் படம் பிடித்தபடி மற்றக் கையால் தானே துணியைப் பிடித்து இழுத்தான். வலியில் அவர் முனகினார். யசிந்தா அவன் கையைத் தட்டிவிட்டாள். போன் நிலத்தில் விழுந்தது.

தட்டிய அந்த எட்டுச் செக்கனை மட்டும் அவன் போட்டான். பின்னேரத்துக்குள் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். நாத்தம் பிடித்தவள், குடிகாரி என்று கீழே எழுதினார்கள். அவர்கள் வீட்டு நாற்றத்தைத்தான் அவள் நாள்தோறும் தன் உடம்பில் சுமந்தாள். மறுநாள் பத்திரிகையின் முதற்பக்கத்தில் அதே காட்சி படமாக வந்தது: ‘குப்பை அள்ளும் பெண் இளைஞர் மீது தாக்குதல்’. யாகப்புவின் விரல்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

யசிந்தாவும் நாலு பெண்களும் பத்திரிகைக் கந்தோருக்குப் போனார்கள். முதலாளியே ஆசிரியர். அவர்களைக் கண்டதும் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டார், இருக்கச் சொல்லவில்லை.

“உங்கடை நிருபர் எங்களோடை வெயிலுக்கை நிண்டவர் ஐயா. அவர் எழுதினது எங்கை?” யசிந்தா கேட்டாள்.

“வாசிச்சனான். நல்லாத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் சனம் அந்த வீடியோவைத்தானே கதைக்குது. அதை விட்டிட்டு வேறை போட்டால் பேப்பரை ஆர் வாங்கிறது?” அவர் குரலில் கோபமே இல்லை. “மன்னிப்புக் கேட்டு நீங்களும் ஒரு வீடியோ போடுங்கோ பிள்ளை. அதுவும் நல்லாப் போகும்.”

யசிந்தா அவர் மேசையருகே போனாள்.

“நாங்கள் நாளும் பொழுதும் ஊத்தை அள்ளுறனாங்கள் ஐயா. இப்பிடியொரு ஊத்தையை இண்டைக்குத்தான் காணுறம்.”

மூலை மேசையில் இருந்த நிருஷன் தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை அவர் சபை வாசலுக்கு வந்தார். அந்தச் செய்தியைத் திருத்திப் போடும்வரை இனித் தங்கள் பெயரில் எதுவும் எழுதுவதில்லை என்று, தன்னோடு பத்திரிகையில் வேலை செய்யும் ஆறு பேர் கையெழுத்திட்டு முதலாளியிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். வேலை இருக்குமோ தெரியாது என்றார். யசிந்தா நகர்ந்து இடம் விட்டாள். அவர் பக்கத்தில் அமர்ந்தார்.

பத்து மணியளவில் ஒரு சிறிய லொறி வந்து நின்றது. கொடிகாமம் சந்தையைத் துப்புரவு செய்யும் பதினெட்டுப் பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த உதயகலா நேரே யாகப்புவிடம் போனாள்.

“வீடியோ பாத்தனாங்கள் அண்ணை. எல்லாரும் இந்த அக்கா தட்டினதைத்தான் பாத்தவை. நாங்கள் உங்கடை கையிலை கிடந்த கட்டைப் பாத்தனாங்கள். எங்களுக்கும் கையுறை தாறேல்லை.”

யாகப்பு நல்ல கையால் அவள் கையைப் பிடித்தார்.

நண்பகலில் காவலாளி கேற்றைக் கொஞ்சம் திறந்து, செயலாளர் ஓராளை மட்டும் கதைக்க வரச் சொன்னதாகச் சொன்னான்.

யசிந்தா எழுந்து சேலையைத் தட்டினாள். அவளோடு நாற்பது பேருக்கு மேல் எழுந்தார்கள்.

“போய்ச் சொல்லுங்கோ, எல்லாரும் வாறமெண்டு.”